திகதி போடாத தாளில கையெழுத்து: வேலை இடத்துப் பாகுபாடு, கண்டதுகளைச் சொல்லுங்கோ

கந்தர்மடத்தான்:
யாழ் நகரில ஒரு புடவைக்கடை, காசாளராய் நிண்ட பிள்ளை, அஞ்சு மாதக் கர்ப்பம். மனேஜர் ரைப் பண்ணின தாளொண்டை நீட்டியிருக்கிறார்: ‘எனது சொந்த விருப்பின் பேரில் விலகுகிறேன்.’ பேர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அடிச்சிருந்தது, திகதி மட்டும் வெறுமை. ‘பிள்ளை பிறந்தாப்பிறகு வா, எடுக்கிறம்’ எண்ட கதையை நம்பி அவ கையெழுத்து வைச்சிட்டா. கர்ப்பத்துக்காக நிப்பாட்டக் கூடாதெண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில (1954, 19ஆம் இலக்கம்) இருக்கு. ஆனா அந்தத் தாள் இருந்தா இது நிப்பாட்டலே இல்லையெண்டு வாதாடுவினம். ‘நிப்பாட்டினது உண்மை’ எண்டு முதலாளி ஒத்துக்கொண்டா, நியாயம் காட்டுறது அவரின்ர பொறுப்பு. ‘தானாய்ப் போனவ’ எண்டா, நிப்பாட்டினதை முதல்ல நிரூபிக்கிறது பிள்ளையின்ர பொறுப்பு.

சுன்னாகத்தான்:
ஏன் சுத்துறியள்? அரசியலமைப்பில சமத்துவத்துக்கெண்டு 12ஆம் உறுப்புரை இருக்குத்தானே. நேரே உயர் நீதிமன்றம் போகலாம்.

நாவற்குழி:
போகேலாது. 126ஆம் உறுப்புரையில போடுற அடிப்படை உரிமை வழக்கு, அரசாங்கத்தின்ர நிறைவேற்று, நிர்வாக நடவடிக்கைக்கு எதிராய் மட்டுந்தான். புடவைக்கடை அதுக்குள்ள வராது. அரச ஊழியருக்கும் ஒரு மாதந்தான் தவணை. பதவி உயர்வில ஓரங்கட்டப்பட்ட ஒராள், மேலதிகாரிக்கு முறையீடு எழுதிப்போட்டுப் பதிலைப் பாத்துக்கொண்டிருந்தார், மாதம் போயிட்டுது. அதே மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்திருந்தா, விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேந்திராது (ஆணைக்குழுச் சட்டம், 1996, 21ஆம் இலக்கம், 13ஆம் பிரிவு). ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலயே அலுவலகம் இருக்கு.

சுன்னாகத்தான்:
அப்ப தனியாரிட்டச் சாதி பாத்தா வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ?

நாவற்குழி:
அதுக்கு 1957ஆம் ஆண்டு, 21ஆம் இலக்கச் சட்டம், குற்றவியல் விசயம், பொலிஸுக்குப் போகலாம். மாற்றுத்திறனாளியை ஆள் எடுக்கேக்க ஒதுக்கினா 1996ஆம் ஆண்டு, 28ஆம் இலக்கச் சட்டம், மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பாலியல் தொல்லைக்குத் தண்டனைச் சட்டக்கோவை 345, அஞ்சு வருசம் வரை சிறை. ஆனா நேர்முகத்தில ‘கலியாணம் எப்ப?’ எண்டு கேட்டு ஒரு பெட்டையைத் தள்ளிவிட்டா, தனியார்துறைக்குப் பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் இல்லை. அது பெரிய ஓட்டை.

அராலி வாத்தி:
ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் எழுதுறன். கையெழுத்து வைச்ச பிள்ளை அடுத்தநாள் காலமை வழமையான நேரத்துக்குக் கடை வாசலுக்குப் போகவேணும். உள்ள விடாட்டி நேரத்தைக் குறிச்சு வைக்கட்டும். அண்டைக்கே பதிவுத் தபால்: ‘இன்ன திகதியில் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டது. நான் விலகவில்லை. வேலைக்குத் தயார்.’ பிரதியோட தபால் பற்றுச்சீட்டையும் பின் பண்ணி வைக்கவேணும். ஒரு மாதம் கழிச்சு எழுதினா ‘இவ்வளவு நாளும் ஏன் பேசாம இருந்தனீர்?’ எண்டுதான் குறுக்கு விசாரணை தொடங்கும். கர்ப்பம் முதலாளிக்குத் தெரியுமெண்டதுக்கும் சான்று வேணும். லீவு கேட்ட வட்ஸ்அப், கிளினிக் கார்ட் காட்டின செய்தி ஒண்டையும் அழிக்காதேங்கோ.

வேலையால நிப்பாட்டினதுக்கு வழக்குப் போடுற இடம் தொழில் நியாய சபை, அதுக்கு நிப்பாட்டின நாளில இருந்து 6 மாதம் தவணை. சட்டத்தரணி கட்டாயமில்லை, தொழிற்சங்க ஆளும் வந்து பேசலாம். 15 பேருக்குக் குறையாத இடமெண்டா வேலை முடிவுறுத்தல் சட்டமும் (1971, 45ஆம் இலக்கம்) உதவும்: ஒழுக்காற்றுக் காரணமில்லாம நிப்பாட்ட ஊழியரின்ர எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின்ர முன் அனுமதியோ வேணும். அந்தத் தாளைத்தான் சம்மதமெண்டு நீட்டுவினம், அதுக்குத்தான் பதிவுத் தபால்.

இன்னொண்டு. ‘மூண்டாம் பிள்ளைக்குப் பிரசவ லீவு 42 நாள்தான்’ எண்டு இப்பவும் சில முதலாளிமார் சொல்லுகினம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில 2018 திருத்தத்தோட அது போயிட்டுது. எத்தனையாம் பிள்ளையெண்டாலும் 84 நாள், வார விடுமுறையும் போயாவும் அதுக்குள்ள சேராது.