ஹாலிடேயை நார்ஃபோக்குக்கு அனுப்பிவிட்டார்கள்

(பால்டிமோர் குடும்பக் குழு, 2024 ஏப்ரல் 26)

தம்பி: நம்ம ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியில் ஜாக்சன் ஹாலிடேயை மறுபடி கீழ்நிலை ஆட்டமான மைனர் லீகுக்கே, நார்ஃபோக்குக்கு அனுப்பிவிட்டார்கள், பார்த்தீர்களா? பெரிய லீகில் 10 மேட்ச்தான் ஆடியிருக்கிறான். 20 வயதுப் பையன். மனசே ஆறவில்லை.

மாமா: எனக்கும் வருத்தம்தான்டா. ஆனால் 34 அட்-பேட்டில் (அடிக்க முயன்ற முறை) 2 ஹிட் (அடித்து பேஸ் சேர்வது), 18 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது). பாதிக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் என்றால் என்ன செய்வார்கள்?

தம்பி: மாமா, 1951-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் வில்லி மேஸ் முதல் 26 அட்-பேட்டில் ஒரே ஒரு ஹிட். அழுதிருக்கிறார். மேனேஜர் லியோ டுரோச்சர், நீதான் என் சென்டர் ஃபீல்டர் என்று சொல்லி விடாமல் ஆட வைத்தார். அந்த வருடமே சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயர் விருது. அனுப்பியிருந்தால்?

மாமா: அதே வருடம் அதே நியூயார்க்கில் யாங்கீஸ் அணி என்ன செய்தது? மிக்கி மாண்டிலுக்கு அப்போது 19 வயது, ஜூலையில் கேன்சஸ் சிட்டி மைனர் அணிக்கு அனுப்பினார்கள், அங்கேயும் முதலில் அடி விழவில்லை, ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான், அவர் நேரில் வந்து, சரி பெட்டியைக் கட்டு, என்னோடு சுரங்க வேலைக்கு வா என்றாராம். அதற்குப் பிறகு அடித்தான் பார், 40 மேட்சில் 11 ஹோம் ரன். ஆகஸ்டிலேயே மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தம்பி: நம்ம கன்னர் ஹெண்டர்சனும் போன வருடம் தொடக்கத்தில் திணறினாரே. வைத்திருந்தார்கள், 28 ஹோம் ரன் வந்தது.

அக்கா: அங்கேதான் வித்தியாசம். ஹெண்டர்சன் அடி விழாத நாட்களிலும் வாக் (தப்பான நாலு பந்தை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்குப் போவது) வாங்கிக்கொண்டே இருந்தார், பந்து அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஹாலிடே போன வருடம் மைனரில் 125 மேட்சில் 101 வாக் வாங்கியவன், அவன் பலமே அந்தக் கண்தான். இங்கே வந்து இரண்டே வாக். ஹிட் வராததைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. தினமும் இத்தனை பேர் முன்னால் தோற்றுக்கொண்டே அதைத் திரும்பப் பிடிக்க முடியாது, அங்கே போய் நாலு வாரம் நிதானமாக ஆடட்டும்.

தம்பி: ஆனால் மைனரில் மேல் நிலையான டிரிபிள் ஏ பிட்சரை (பந்து வீசுபவரை) அவன் ஏற்கெனவே அடித்துவிட்டானே அக்கா. இங்கே வரும் பந்தை இங்கே நின்றுதானே பழக முடியும்?

அக்கா: அது சரிதான். அதனால்தான் ரொம்ப நாள் அங்கே வைக்கக் கூடாது என்கிறேன். வாக் வர ஆரம்பித்ததும் கூப்பிட்டுவிட வேண்டும்.

அத்தை (நார்ஃபோக்): அவன் அப்பா மேட் ஹாலிடேயும் பெரிய லீகில் ஆடியவர்தானே, வீட்டிலேயே எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறது. இங்கே ஹார்பர் பார்க் மைதானத்தில் அவனைப் பார்த்திருக்கிறோம், நன்றாகக் கைதட்டுவோம். தம்பி, எங்கள் நார்ஃபோக் அணி டைட்ஸ் ஊரில் ஆடும் தேதி பார்த்துச் சொல்கிறேன், நீ கிளம்பி வா.

தம்பி: வருகிறேன் அத்தை. சனிக்கிழமையாகப் பார்த்துப் போடுங்கள்.