தீபாவளி வெடி நேரம், பக்கத்துல ஆஸ்பத்திரி: என்ன விதி?

கேள்வி: சென்னைல அபார்ட்மென்ட். 60 மீட்டர்ல ஆஸ்பத்திரி. பசங்க விடிகாலை 4 மணிக்கே வெடிக்கணும்ங்கிறாங்க. சரவெடி வாங்கலாமா? போகிக்கு வாசல்ல எரிக்கலாமா?

பதில் 1: 4 மணி கூடவே கூடாது சார். தமிழ்நாட்டுல காலை 6–7, இரவு 7–8 மட்டும்தான். 2018-ல உச்ச நீதிமன்றம் ரெண்டு மணி நேரம்னு சொன்னதை அரசு இப்படிப் பிரிச்சது. மீறினா போலீஸ் கேஸ். ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், அதனால உங்க வாசல்ல சத்த வெடி அந்த நேரத்துலயும் ஆகாது. வேற திடலுக்குப் போங்க.

பதில் 2: சரவெடிக்கும் அதே தீர்ப்புல தடை, கடைல கிடைக்குதுங்கறது வேற விஷயம். பேரியம்ங்கிற ரசாயனம் கலந்த பட்டாசுக்கும் தடை. பெட்டில பசுமைப் பட்டாசு (மாசு குறைவான பட்டாசு) முத்திரையும் க்யூஆர் கோடும் பார்த்து வாங்குங்க.

பதில் 3: பத்தாத புஸ்வாணத்தைக் குனிஞ்சு பார்க்காதீங்க. திரி உள்ளுக்குள்ள கனிஞ்சுட்டே இருக்கும், முகத்துல சீறும். கால் மணி நேரம் விட்டு, தள்ளி நின்னு தண்ணி ஊத்துங்க. எரிஞ்ச மத்தாப்புக் கம்பி நேரா வாளித் தண்ணிக்குள்ள. தரையில போட்டா வெறுங்கால்ல மிதிச்சுடுவாங்க. ராக்கெட்டுக்கு காலி பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சாயும். மணல் நிரப்பின வாளில குழாய் நட்டு விடுங்க.

பதில் 1: போகிக்கு டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எதுவும் எரிக்கக் கூடாது. 2018 போகியில புகைமூட்டத்தால சென்னை விமானங்களே தாமதமாச்சு. பழைய துணி, பாய் எல்லாம் மாநகராட்சி வண்டில தனியாக் கொடுத்துடுங்க.