விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் இளைஞர் மையங்கள்: கண்டதும் கற்றதும்

மையப் பொறுப்பில் இருப்பவர்

பள்ளி மூடிய அன்றே மதியச் சாப்பாடும் நின்றுபோகிற பிள்ளைகளுக்காக மையத்தைத் திறக்கிறோம் என்றால், வாசலில் எந்தக் கேள்வியும் இருக்கக் கூடாது. வருமானச் சான்று கேட்காதீர்கள். "வீட்ல சமைக்கலையா?" என்று பேச்சுவாக்கில்கூடக் கேட்காதீர்கள். கேட்டால், நிஜமாகப் பசித்து வந்த பிள்ளைதான் முதலில் திரும்பிப் போகும். அமெரிக்கக் கோடை உணவுத் திட்டம் 1968-ல் சோதனையாகத் தொடங்கி 1975-ல் தனித் திட்டமானது. அதில் வறுமை மிகுந்த பகுதி என்று இடத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்குள்ள திறந்த மையத்துக்கு 18 வயது வரை யார் வந்தாலும் விண்ணப்பம் இல்லாமல் தட்டு கிடைக்கும். இந்த ஒரு விதியை எந்த ஊர் மையமும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பதிவு இல்லாததால் நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. முதல் வாரம் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து அளவைக் குறைத்துவிடாதீர்கள். சாப்பாடு தினமும் தவறாமல் கிடைக்கிறது என்று தெரிந்தபிறகுதான் பிள்ளைகள் தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நடுவில் ஒரே ஒரு நாள் "தீர்ந்துபோச்சு" என்று சொன்னால், அந்த நம்பிக்கையை மீட்கப் பல நாளாகும்.

சமையல் பார்ப்பவர்

அந்தச் சங்கடத்துக்கு வழி உண்டு. மொத்தத்தையும் ஒரே உலையில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

அரிசி, சின்னப் பிள்ளைக்கு 75 முதல் 100 கிராம், 11 வயதுக்கு மேல் 125 முதல் 150 கிராம். சின்னவர்கள் அதிகம் வரும் 60 பேருக்கு 6 கிலோ போதும், வெந்தால் 15 முதல் 18 கிலோ சோறு வரும். முதலில் 4 கிலோ மட்டும் வடியுங்கள். மீதி 2 கிலோவை அளந்து, கழுவாமல் பக்கத்தில் வையுங்கள். அதற்கான உலைநீர் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். தேவைப்படாவிட்டால் அரிசி மூட்டைக்கே திரும்பிவிடும். கழுவி ஊறப்போட்டுவிட்டால் அது முடியாது.

இரண்டாவது உலையை எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பரிமாறும்போது அண்டா பாதியாவதைப் பார்த்துப் போட்டால் சோறு நேரத்துக்கு வராது, அது வேக 20 நிமிடம் ஆகும். கை கழுவும் வரிசையிலேயே தலையை எண்ணுங்கள். இரண்டு குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 60 பேர் கழுவி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அந்தக் கால்மணி நேரம் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். வரிசை 35-ஐத் தாண்டியதும் அரிசியைப் போட்டுவிடுங்கள்.

பருப்பு, காய்க் குழம்பை இரண்டு தடவை வைக்க நேரம் கிடைக்காது. முழு அளவையும் முதலிலேயே செய்து, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் சூட்டிலேயே வையுங்கள். வெப்பமானியை நடுப்பகுதியில் விட வேண்டும். அடியைத் தொட்டால் பாத்திரத்தின் சூட்டைத்தான் காட்டும். வாரம் ஒருமுறை ஐஸ் நிறைந்த தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

பரிமாறும் குழுவிலிருந்து

கை கழுவும் இடத்தைப் பற்றி நானும் சொல்லணும். சோப்புக்குப் பதில் சானிடைசர் வைத்து வரிசையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். விளையாடிவிட்டு வரும் கையில் மண்ணும் வேர்வையும் இருக்கும், அதன்மேல் அது சரியாக வேலை செய்யாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸுக்கும் சோப்புத் தண்ணீர்தான் நம்பகமானது. பெரிய டிரம்மில் நாலு குழாய் பொருத்தினால் நேரம் பாதியாகும் (ஆனால் மேலே சொன்ன அவகாசமும் பாதியாகிவிடும் என்பதைச் சமையலறையில் சொல்லிவிடுங்கள்!).

14, 15 வயதுப் பிள்ளைகள் சின்னவர்களோடு வரிசையில் நிற்க மாட்டார்கள். பசி இருக்கும், ஆனாலும் சுவரோரமாகவே நிற்பார்கள். கையில் கரண்டியைக் கொடுங்கள். பரிமாறுகிறவர்கள் கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று வழக்கமாக்கினால் கேட்காமலே சாப்பிடுவார்கள்.

இன்னொன்று. சில பிள்ளைகள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு முட்டையை மட்டும் தொடாமல் வைத்திருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கைக்குட்டையில் சுற்றி, சட்டைக்குள் விடுவார்கள். அது திருட்டு இல்லை, வீட்டில் இன்னொரு வாய் காத்திருக்கிறது என்று அர்த்தம். பிடிக்காதீர்கள், "இங்கேயே சாப்பிடு" என்றும் சொல்லாதீர்கள். உரித்த முட்டை வெயிலில் கெடும், 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஆகவே கிளம்பும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி, கெடாத ஒரு பொட்டலம் கொடுங்கள். ரொட்டியும் ஒரு முழுப் பழமும் போதும். வாரக் கடைசியில் மையம் மூடியிருக்கும் என்றால் இரண்டு நாளுக்குச் சேர்த்து. எல்லோருக்கும் கொடுப்பது முக்கியம். கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தால் யாருமே கேட்க மாட்டார்கள்.

புதிதாகத் தொடங்கப்போகிறவர்

மிஞ்சிய சோற்றை ராத்திரி வைத்து மறுநாள் நன்றாகச் சூடாக்கினால் போதாதா? குப்பையில் கொட்ட மனசு வரவில்லை.

சமையல் பார்ப்பவர்

உங்கள் மனசு புரிகிறது, ஆனால் சோற்றில் அது ஆகாது. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்து நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆழமான அண்டாவில் நடுச்சோறு ஆற மணிக்கணக்காகும், ஃபிரிட்ஜுக்குள் வைத்தாலும் அப்படித்தான். எடுத்துவைத்தே ஆக வேண்டும் என்றால் அகலத் தட்டில் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயராமல் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும். அந்த வசதி பெரும்பாலான மையங்களில் கிடையாது. அதனால்தான் இரண்டு உலை. மிஞ்சாமல் பார்ப்பதுதான் மலிவு.

ஒவ்வொரு பதார்த்தத்திலும் 100 கிராம் எடுத்து, மூடி, தேதி ஒட்டி 48 மணி நேரம் குளிரில் வையுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பரிசோதனைக்கு அது வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள சமையல் ஆள், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்படிக்கு வரக் கூடாது.

ஒவ்வாமை கவனிப்பவர்

சுருக்கமாக: நிலக்கடலை, பால், முட்டை ஆகாத பிள்ளைக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, முதல் தட்டு. பொதுக் கரண்டி குழம்புக்குள் போனபிறகு "கடலையை ஒதுக்கிட்டுத் தர்றேன்" என்பது பாதுகாப்பு ஆகாது. 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் தர வேண்டும், முழுசாகத் தந்தால் தொண்டையை அடைத்துவிடும்.

மையப் பொறுப்பில் இருப்பவர்

கடைசி வாரத்தைப் பற்றிப் பேசவில்லையே. பள்ளி திறந்த அன்றே அங்கே சாப்பாடும் தொடங்கும் என்று நினைத்து மூடிவிடாதீர்கள். எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்டு, அதுவரைக்கும் அரிசி பருப்பை எடுத்துவையுங்கள். இடையில் மூன்று நாள் இருந்தால், அந்த மூன்று நாளும் மையத்தில் அடுப்பு எரியட்டும். பிள்ளைகள் பள்ளி விட்டுத்தான் வருவார்கள் என்பதால் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புது நேரத்தை முந்தின வாரமே வாசலில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.