மாடியிலிருந்து வரும் வாடை கஞ்சாவா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்

கூடலூர் மாடிவீடு:

எங்கள் வீடு தேனி மாவட்டம் கூடலூரில், குமுளி மலை ஏறுவதற்கு முன்னால், வயலை ஒட்டி இருக்கிறது. மாடியை இரண்டு பையன்களுக்கு வாடகைக்கு விட்டு எட்டு மாதம் ஆகிறது. இருவருக்கும் தேக்கடியில் ஓட்டல் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார்கள். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

பத்து நாளாக, அவர்கள் வந்த கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒரு புகை வாடை இறங்குகிறது. போன வாரம் சாப்பிட உட்கார்ந்த என் மச்சான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, “இது கஞ்சா, சந்தேகமே இல்லை” என்றார். அவர் படித்த காலத்தில் விடுதியில் பக்கத்து அறையிலிருந்து தினமும் வந்த நெடியாம். என் மனைவிக்கு அது மிளகைக் கருக விட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு ஈரச் சருகைக் கொளுத்திய வாடை, அதற்குள் லேசாக எலுமிச்சைத் தோல். அம்மாவுக்கு 74 வயது. “ஆவி பிடிக்கிற வாசம்டா” என்கிறார். குழம்பு அடிப்பிடித்தால்கூட அவருக்கு இப்போது தெரிவதில்லை, அதனால் அதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்றைக்கே காலி பண்ணச் சொல் என்று மச்சான் நிற்கிறார். எனக்கு மனசு வரவில்லை. எல்லையோர ஊர், ஒரு தடவை இந்தப் பேர் விழுந்தால் அந்தப் பையன்களுக்கு வேலையும் போகும். கஞ்சா உண்மையில் எப்படித்தான் வாசம் அடிக்கும்? ஒரே வாடை நாலு பேருக்கு நாலு விதமாகத் தெரியுமா?

போடி ஏலக்காய்க் கடை:

தம்பி, முதலில் பையன்களிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். 31 வருஷமாக மூக்கை வைத்துப் பிழைப்பவன் சொல்கிறேன்.

என் அப்பாவோடு போடிமெட்டுக்கு மேலே தோட்டங்களுக்கு நடந்து போவேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. ஒரு ஓடை இறக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் செடிகள், நுனியெல்லாம் பூ. “திரும்பிப் பார்க்காம நட” என்றார். நான் பார்க்கவில்லை, ஆனால் வாசம் வந்தது. மாங்காய்க் காம்பைக் கிள்ளினால் சுர்ரென்று ஒரு பால் வருமே, அதே வாசம், எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மைல் தாண்டிய பிறகு அப்பா துண்டை மூக்கிலிருந்து எடுத்து, “மரநாய் செத்துக் கிடந்த மாதிரி என்னா நாத்தம்” என்றார். இரண்டு பேரும் ஒரே ஓடையில், ஒரே நேரத்தில் நடந்தவர்கள்தான். அன்றைக்கு அவர் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

2021இல் எனக்குக் கொரோனா வந்தது. வாசம் சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது எல்லாம் மாறி வந்தது. காப்பியில் டயர் கருகும் வாடை. ஏலத்துக்கு வந்த எட்டு எம்எம் பச்சைக் காயை நகத்தால் கீறி மூக்கில் வைத்தால் மண்ணெண்ணெய். அந்தக் காயில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த சீசன் முழுக்க என் மகள் மோந்து பார்த்துச் சொல்லித்தான் காய் வாங்கினேன். இப்போதும் ஏலக்காயில் முன்னால் ஏறும் குளிர்ச்சி தெரிகிறது, அதற்குப் பின்னால் வரும் இனிப்பு தெரியவில்லை. அப்பா அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

இன்னொன்று. பச்சைச் செடி, காய்ந்த பூ, புகை மூன்றுக்கும் வாசம் வேறு வேறு. உங்கள் மச்சானுக்குத் தெரிந்தது புகை மட்டும்தான். எந்த இலையை எரித்தாலும் புகையில் ஒரு பங்கு ஒரே மாதிரி இருக்கும்.

குமுளி கெமிஸ்ட்ரி டீச்சர்:

அண்ணன் சொன்ன மாங்காய்ப்பால், தற்செயல் இல்லை. கஞ்சாப் பூவில் உள்ள பிசுபிசுப்பான நுண்சுரப்பிகளில் டெர்பீன் என்ற வகைச் சேர்மங்கள் நிறைய உண்டு. அதில் மிர்சீன் மாங்காயிலும் இருக்கிறது. லிமோனீன் எலுமிச்சைத் தோலில், கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும், பைனீன் பைன் மரத்தில். செடிக்குச் செடி இந்த விகிதம் மாறும். ஆகவே ‘கஞ்சா வாசம்’ என்று ஒரே ஒரு வாசம் கிடையாது.

அந்த மரநாய் நாற்றம் தனிக்கதை. அமெரிக்கர்கள் அதை ஸ்கங்க் என்பார்கள், நம்மிடம் அந்த விலங்கு இல்லாததால் மரநாயைச் சொல்கிறோம். அது டெர்பீனால் வருவதில்லை, கந்தகச் சேர்மங்களால் வருகிறது என்று 2021இல் கண்டுபிடித்து எழுதினார்கள். பூண்டு நாற்றத்தின் உறவுக்கார மூலக்கூறுகள் அவை. மிகமிகச் சொற்ப அளவே போதும், மூக்கு பிடித்துவிடும். பூ முற்றும்போது கூடி, உலர்த்திப் பதப்படுத்தும்போது உச்சத்துக்குப் போய், வைத்திருந்தால் குறைந்துவிடும்.

இனி மூக்கு. மனிதருக்கு வாசனை ஏற்பிகள் சுமார் 400 வகை. அவற்றுக்கான மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. வியர்வையில் உள்ள ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருள் சிலருக்கு மூத்திர வாடை, சிலருக்கு இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அதற்கு ஒரே ஒரு ஏற்பியின் மாற்றம் பெரிய காரணம். என் வகுப்பிலேயே கொத்தமல்லியில் சோப்பு வாசம் அடிக்கிறது என்று துப்பும் ஒரு பிள்ளை இருக்கிறாள். அடம் பிடிக்கிறாள் என்று அவள் அம்மா அடிப்பாராம். கூப்பிட்டுப் பேசி நிறுத்தச் சொன்னேன்.

பழக்கமும் உண்டு. பெருங்காயம் கந்தக நாற்றம்தான், ஆனால் நமக்கு அது சாம்பார். மல்லிகையில் உள்ள இண்டோல் என்ற பொருள் அளவு கூடினால் மலக்குழி வாடையாகிவிடும். மச்சான் மூக்கு விடுதியில் ஒரு பெயரைக் கற்றுக்கொண்டது. பக்கத்து வாடை வந்தாலும் அந்தப் பெயரைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும்.

உங்கள் அம்மா சொன்னதை நான் தள்ள மாட்டேன். வயதானால் மோப்பம் குறையும், சரி. ஆனால் தைலம், கற்பூரம், ஏலக்காய் இவற்றின் குளிர்ச்சியும் எரிச்சலும் மோப்ப நரம்பு வழியாக மட்டும் போவதில்லை, முகத்துக்கான ஐந்தாம் நரம்பும் அதை உணரும். போடி அண்ணனுக்கு இனிப்பு போய்க் குளிர்ச்சி மட்டும் மிஞ்சியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆவி பிடிக்க உங்கள் வீட்டில் என்ன இலை போடுவீர்கள்?

உத்தமபாளையம் வக்கீல்:

சட்டம் மட்டும் சொல்கிறேன். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, தெரிந்தே இடம் கொடுக்கும் வீட்டுக்காரரையும் தண்டிக்கும். ‘தெரிந்தே’ என்பது முக்கியம். அதனால் கண்டும் காணாமல் இருக்காதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். ஊரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

கூடலூர் மாடிவீடு:

டீச்சர், நீங்கள் கேட்டதைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. நாங்கள் ஆவி பிடிக்கப் போடுவது நொச்சி. மரம் எங்கள் பின்வேலியிலேயே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். வாசல் ஓரத்தில் ஒரு மண்சட்டி, அதில் தேங்காய்நார்க் கனல், மேலே பச்சை நொச்சிக் கொத்து. முதல்போகத்துக்குத் தண்ணீர் விட்டதிலிருந்து கொசு தாங்கவில்லையாம், போன மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல் வேறு. ‘கேட்காமல் பறித்துவிட்டோம், மன்னிச்சிருங்கண்ணே’ என்று பெரியவன் எழுந்து நின்றான். நான் எதற்காக வந்தேன் என்பதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் மச்சானிடம் ஒரு கொத்தைக் கொடுத்தேன். இலையும் ஐந்து விரலாக அந்தச் செடி மாதிரியே இருக்கிறதே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இலையைப் பற்றவைத்து, அணைத்து, ரொம்ப நேரம் மோந்தார். “நொச்சின்னு தெரியுது. ஆனா எனக்கு இப்பவும் அந்த விடுதி வாசம்தான் வருது” என்றார்.

அம்மா வேலியில் ஒரு கூடை பறித்து மாடித் திண்ணையில் நிழலில் பரப்பிவிட்டு வந்திருக்கிறார். பச்சையாகப் போட்டால் புகை கண்ணைக் கரிக்கும், வாடினது போடுங்கடா என்று சொன்னாராம்.