வளர்ந்த நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால்: செம்பூரில் நான் பார்த்த சில நாய்கள்

பல வருடங்களாக ஒழுங்காக வெளியே போய் வந்த நாய் ஒருநாள் கூடத்தை நனைத்துவிட்டால், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றுதான் வீட்டில் முதலில் பேச்சு எழுகிறது. நனைந்த இடம், நேரம், அளவு ஆகிய மூன்றையும் கவனிக்காமல் நாயைக் குற்றம் சொல்வதில் பயனில்லை என்பது மும்பையின் அடுக்குமாடி வாழ்க்கையில் நான் கண்டது.

எங்கள் ராணி கருத்தடை செய்யப்பட்ட நாட்டு நாய். விழித்திருக்கும் நேரத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத அவள், தூங்கி எழும்போது மட்டும் படுக்கையை நனைத்திருப்பாள். எழுந்தவுடன் ஈரத்தை முகர்ந்துவிட்டு, யாரோ செய்ததுபோல் தள்ளிப் போய் நிற்பாள். கருப்பை, சினைப்பை நீக்கப்பட்ட பெண் நாய்கள் சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்ப்பையின் வாய்த்தசை தளர்ந்துவிடும் என்றும், அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்துக்கூட இது தலைகாட்டலாம் என்றும், பெரிய உடல்வாகு கொண்ட நாய்களிடம் கூடுதலாகக் காணப்படும் என்றும் மருத்துவர் விளக்கினார். இருந்தாலும், கிருமித்தொற்று இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் மாத்திரை எழுத அவர் சம்மதிக்கவில்லை.

சிறுநீர் மாதிரி பிடிப்பது தனிக் கலை. நீளமான காம்புள்ள குழிக்கரண்டியைச் சுத்தமாகக் கழுவி உலர்த்தி, காலையில் அவள் முதன்முதலாக உட்காரும்போது பின்னாலிருந்து மெதுவாக நீட்ட வேண்டும். வாட்ச்மேன் அண்ணா சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பிடித்ததை நேரம் கடத்தாமல் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் கிருமிகள் பெருகி முடிவே மாறிப்போகும். தொற்று இல்லை என்று உறுதியான பிறகு பீனைல்புரோப்பனோலமைன் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் இதயத்தையும் சோதித்தே தொடங்கினார்கள். இப்போது படுக்கை காய்ந்திருக்கிறது. ஒரு வேளை மாத்திரை தவறினால் மறுபடி நனைகிறது. கைக்குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டும் அதன்மேல் பழைய வேட்டியும் போதும், ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் தொடையின் உட்புறத் தோல் வெந்துவிடும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் துடைத்து உலர்த்துவது அவசியம்.

மேல்மாடி மாமி வீட்டு லாப்ரடாரின் கதை வேறு. அது சொட்டவில்லை, குளம் கட்டியது. மழைக்காலத்தில் வந்த அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஓயாமல் தண்ணீர் குடித்தது, குடித்ததை எட்டாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கும்வரை அடக்க அதனால் முடியவில்லை. மாமி இரவில் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவைக்கத் தொடங்கியிருந்தார். "தண்ணீரை மட்டும் நிறுத்தாதீங்க மாமி, எவ்வளவு குடிக்கிறான்னு அளந்து பாருங்க" என்றேன். ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது வெறும் தாகம் அல்ல. மருந்தோ, சர்க்கரை நோயோ, சிறுநீரகக் கோளாறோ, அட்ரினல் சுரப்பியின் குஷிங் நோயோ பின்னால் இருக்கலாம், அப்படிப்பட்ட நாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது ஆபத்து. ஸ்டீராய்டைத் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார், குளமும் வற்றியது.

பக்கத்துக் கட்டடத்தில் ஓர் ஆண் நாய், எதிர்வீட்டில் புதிய நாய் வந்ததிலிருந்து சோபாவின் ஓரத்தில் காலைத் தூக்கிக் கொஞ்சமாகப் பீய்ச்சத் தொடங்கியது. இது எல்லை குறிக்கும் பழக்கம். கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும், ஊறிப்போன பழக்கமானால் முழுவதும் போகாமலும் இருக்கலாம். ஆனால் ஆண் நாய் அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அது பழக்கமே அல்ல; கல் அடைத்திருக்கக்கூடும், அன்றைக்கே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எந்தக் காரணமானாலும், மூக்கைக் கொண்டுபோய் ஈரத்தில் தேய்ப்பதால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: அடுத்தமுறை நம் கண்ணில் படாமல் கட்டிலுக்குப் பின்னால் போவது.

சுத்தம் செய்வதில் பினாயிலை நான் நம்புவதில்லை. அது நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய்க்குப் பழைய வாசனை அப்படியே தெரியும், அதே இடத்துக்குத் திரும்பும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு நொதி கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி, டைல்ஸ் இடுக்குகளில் ஊறும்வரை விட்டுத் துடைப்பதே பலன் தருகிறது. அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் வாடையையே நினைவூட்டும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். மழைக்காலத்தில் கையுறை இல்லாமல் துடைக்க வேண்டாம். தேங்கிய நீரில் நடந்து வரும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றினால், அக்கிருமி அதன் சிறுநீர் வழியாக மனிதருக்கும் பரவும். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்கு முன்பே போட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.