முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி: அடி அழுகுது, மடலில் வெள்ளைப் பஞ்சு

கொழிஞ்சாம்பாறை விவசாயி கேட்டது:
வணக்கங்க. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கரிசல் மண். ஆட்டுத் தீவனத்துக்காக முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி மடல் 40 வாங்கி மே கடைசியில் நட்டேன். குழியில் பாதி தென்னை நார்க்கழிவு, மீதி தொழுவுரம். வெட்டி வந்த மறுநாளே முக்கால் மடல் மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றி, தினமும் தண்ணீர் விட்டேன். ஜூன் மழை பிடித்ததும் 15 மடல் அடியில் பழுப்பாகி, அமுக்கினால் கொழகொழவென்று நாறுகிறது. மிச்சத்தில் சிலதில் கணுவோரம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே நோயா? வேலிக்கும் இதையே வைக்கலாமா?

வேலந்தாவளம் தோட்டக்காரர்:
இரண்டும் வேறுவேறுங்க. முதலில் அழுகலைப் பார்ப்போம், அதுக்குத்தான் அவசரம்.

வெட்டுவாய் ஆறாமல் ஈரத்தில் போனதுதான் காரணம். மடலை வெட்டினால் நிழலில், காற்றோட்டமாக, 2 முதல் 3 வாரம் சும்மா நிறுத்தி வைக்கணும். வெட்டுவாய் காய்ந்து தோல் மாதிரி கெட்டியானபிறகே மண்ணைக் காட்டலாம். நார்க்கழிவு நம்ம பக்கம் மலிவாகக் கிடைக்குதுன்னு எல்லாத்துக்கும் போடுறோம். தக்காளி நாற்றுக்கு நல்லது, கள்ளிக்கு எமன். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற சாமானை வேரே இல்லாத மடலைச் சுற்றி அடைத்தால் எப்படித் தாங்கும்?

15 மடலையும் இன்றைக்கே பிடுங்குங்க. அழுகலுக்கு நாலு விரல் மேலே வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்க. முழுக்க வெளிர்பச்சையாக இருக்கணும். நடுவில் ஒரு பழுப்புக் கீற்று தெரிந்தாலும் இன்னும் மேலே வெட்டணும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்கணும், இல்லாவிட்டால் கத்தியே நோயைப் பரப்பும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு (பூஞ்சைக்கொல்லி) தூள் தடவி, மழை படாத திண்ணையில் நிறுத்துங்க. இந்த ஈரக்காற்றில் ஆற 4 வாரம்கூட ஆகும்.

ஐப்பசி மழை முடிந்து ஜனவரியில் நடுங்க. கரிசலில் குழியே வேண்டாம். ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, செம்மண் 2 பங்கு, பருமணல் அல்லது பொடிச்சல்லி 2 பங்கு, நன்றாக மக்கிய எரு 1 பங்கு. மடலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மண்ணுக்குள். முதல் இரண்டு வாரம் தண்ணீர் கிடையாது. லேசாக ஆட்டிப் பார்த்து, பிடித்து நின்றால் வேர் விட்டாச்சு. அதன்பிறகு 10 நாளுக்கு ஒரு முறை போதும். மடல் கொஞ்சம் சுருங்கினால் பயப்படாதீங்க. சுருங்கியதைத் தண்ணீர் ஊற்றித் திருப்பலாம், அழுகியதைத் திருப்ப முடியாது.

கோபாலபுரம் நர்சரி:
வெள்ளைப் பஞ்சை ஒரு தாளில் வைத்து நசுக்குங்க. கருஞ்சிவப்புச் சாறு வந்தால் கொச்சினீல் பூச்சி. வராவிட்டால் மாவுப்பூச்சி, எறும்பும் கூடவே ஏறும். கொச்சினீல் நம்ம ஊருக்குத் தற்செயலாக வந்ததில்லை. காட்டுச் சப்பாத்தி நிலத்தையெல்லாம் மூடிக்கொண்டபோது, அதை அழிக்கவே 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். கள்ளியைத் தின்று அழிக்கிற வேலையில் அது கெட்டி, அசட்டையாக விடாதீங்க.

பஞ்சு மெழுகாக இருப்பதால் மேலோட்டமாக அடிக்கிற மருந்து உள்ளே போகாது. முதலில் பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கணுக்கணுவாகத் தேய்க்கணும். அப்புறம் லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கரைய ரெண்டு மூணு மில்லி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் அடிங்க. வெயிலில் எண்ணெய் அடித்தால் தோல் வெந்துவிடும். 10 நாள் இடைவெளியில் 3 முறை. பாதிக்கு மேல் மூடிய மடலை வெட்டி எரித்துவிடுங்க. பலத்த மழை இதைக் கழுவிக் குறைக்கும். மாசி முதல் சித்திரை வரைதான் பெருகும், அப்போது வாரம் ஒருமுறை மடலின் இரண்டு முகத்தையும் பார்க்கணும்.

எட்டிமடை வாசகர்:
வேலிக்கு இது ஆகாதுங்க. முள்ளில்லாததை ஆடே மேய்ந்துவிடும். முள் இருக்கிற நாகதாளியை வைத்தால் பறவை பழத்தைத் தின்று நிலமெல்லாம் விதை போடும், உடைந்து விழுந்த துண்டும் வேர்விடும். கிளுவை (முள்மரம்) வேலியே போடுங்க.

நடுகிற திசையும் முக்கியம். அகன்ற முகம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் முழுசாக விழும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் அந்த முகத்தில்தான் அறையும். ஜனவரியில் நட்டால் அதற்குள் வேர் இறங்கியிருக்கும். இருந்தாலும் முதல் வருஷம் மடலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு மூங்கில் குச்சி ஊன்றுங்க.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
நசுக்கிப் பார்த்தேன், விரலெல்லாம் சிவப்புங்க. தேய்க்க ஆரம்பித்தாச்சு. தீவனத்துக்கு எப்போது வெட்டலாம்?

வேலந்தாவளம் தோட்டக்காரர்:
முதல் வருஷம் தொடாதீங்க. அப்புறமும் தாய் மடலையும் அதன்மேல் ஒரு அடுக்கையும் விட்டுவிட்டு, இணைப்பில் மட்டும் வெட்டணும். மடலில் பெரும்பகுதி தண்ணீர்தான், புரதம் குறைவு. தனியாகப் போட்டால் ஆடு கழியும். இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, காய்ந்த சோளத்தட்டோ கடலைக்கொடியோ கலந்து, கூட வேலிமசால் (புரதமுள்ள பசுந்தீவனச் செடி) கொடுங்க. ஒரு ஆட்டுக்கு அரை கிலோவில் தொடங்கி, சாணம் இளகாமல் இருக்கிறதா பார்த்துக் கூட்டுங்க.

முள்ளில்லை என்றாலும் கணுவில் சுணை (தோலில் ஏறுகிற நுண்முள்) உண்டு, கையுறை இல்லாமல் வெட்டாதீங்க. ஏறிவிட்டால் தேய்க்கக் கூடாது. செல்லோடேப்பை ஒட்டி ஒரே இழுப்பில் உரிங்க, மிச்சத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து இடுக்கியால் எடுங்க.