மறு: முன் ஃபோர்க்குக்குத் தமிழ் – கவை, கவட்டை, முட்கரண்டி

அனைவருக்கும் வணக்கம்.

நம் மோட்டார்சைக்கிள் பழுதுபார்ப்புக் கையேட்டில் முன்சக்கர அத்தியாயம் ஒரு சொல்லால் நின்றுபோயிருக்கிறது: முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் கைப்பிடியோடு சேர்க்கும் ஃபோர்க்குக்குத் தமிழில் என்ன பெயர்? எல்லாருடைய மடல்களையும் படித்தேன். பினாங்குப் பக்கத்துப் பட்டறைகளில் காதில் விழுகிற பேச்சையும் சேர்த்து என் கருத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

> பட்டறையில் அப்சோபர் என்கிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பேச்சுக்குப் போதும், கையேட்டுக்குப் போதாது. பட்டர்வொர்த்தில் எந்தப் பட்டறையிலும் "முன் அப்சோபர் ஒழுகுது" என்றால் பையன் புரிந்துகொள்வான். ஃபோர்க்கின் காலை உருவி, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீலை மாற்றிக் கொடுத்துவிடுவான். விழுந்து எழுந்த வண்டி என்றால் சங்கதி வேறு. ஒழுகல் இருக்காது, ஆனால் கைப்பிடி ஒரு பக்கம் பார்க்கும், சக்கரம் இன்னொரு பக்கம் பார்க்கும். கோளாறு குழாயிலா, இரண்டு குழாய்களையும் பிடித்திருக்கும் பிடியிலா, கைப்பிடியோடு திரும்பும் கழுத்துத் தண்டிலா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமே. அப்சோபர் என்பது அதிர்வைத் தாங்கும் பாகத்தின் பெயர். பின்சக்கரத்திலும் அதே பெயர்தான். முழு அமைப்புக்கும் தனியாக ஒரு பெயர் வேண்டும்.

> முட்கரண்டி. அகராதியிலேயே இருக்கிறது.

இருக்கிறது, சாப்பாட்டு மேசைக்கு. இயந்திர மொழிபெயர்ப்பில் ஓடும் விற்பனைப் பக்கங்கள் சிலவற்றில் "முன் முட்கரண்டி எண்ணெய்" என்று பார்த்திருக்கிறேன். மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) ஞாபகம்தான் வருகிறது. இதைச் சொன்ன டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது, இதற்கு என் ஓட்டு இல்லை.

> கவட்டைதான் மக்கள் சொல். கவை ஏட்டுச் சொல், தவிர 'கவைக்கு உதவாத பேச்சு' என்று கேலியும் வரும்.

கோலாலம்பூர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. கவட்டை எல்லாருக்கும் தெரியும். லாஸ்டிக் (உண்டிவில்) அடித்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் இடுப்புக்குக் கீழே இருக்கும் இன்னொரு கவட்டையும் எல்லாருக்கும் தெரியும். பதினேழு வயசுப் பையன்கள் நிறைந்த பயிற்சி வகுப்பில் "கவட்டையில் கிரீஸ் தடவு" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாடத்தைத் தொடருங்கள் பார்ப்போம். கவையில் அந்தத் தொல்லை இல்லை. கருவிக்குப் பொருந்தும் என்பதற்கும் பழைய சான்று உண்டு: சங்கப் பாட்டில் யானையைப் பழக்குகிறவர்கள் கையில் இருப்பது கவைமுட்கருவி. கேலியைப் பற்றிக் கவலை வேண்டாம். கவைக்கு உதவும் திருகு, கவைக்கு உதவாத திருகு என்று பையன்களே பேச ஆரம்பித்தால் சொல் நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே என் பரிந்துரை முன்கவை. வண்டிக்கு ஒரு கவைதான் என்பதால் வெறும் கவை என்றாலும் போதும்.

வகைகளுக்கு வருவோம். கையேட்டில் மூன்று வகை வண்டிகளும் வருகின்றன. போருக்கு முந்திய வண்டிகளில் இரும்புச் சட்டமே கவையாக இருக்கும், வில் (ஸ்பிரிங்) மேலே கழுத்தருகில் உட்கார்ந்திருக்கும். இதைச் சட்டக்கவை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அடுத்தது, குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கும் வகை. ஆட்டத்தை எண்ணெயால் தணிக்கும் இந்த அமைப்பைத் தயாரிப்பு வண்டியில் முதலில் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ, 1935இல், ஆர்12 வண்டியில். இதற்கு ஒரு நண்பர் 'தொலைநோக்கிக் கவை' என்று எழுதியிருந்தார். கவை எங்கே தொலைவைப் பார்க்கிறது? ஆங்கிலக்காரன் தொலைநோக்கியின் குழாய் நீள்வதைப் பார்த்துப் பெயர் வைத்தான், நாம் குழாயையே நேராகச் சொல்லலாம். குழற்கவை.

மூன்றாவதுதான் சிக்கல், கப்சாய் என்று நம் ஊரில் சொல்லும் சின்ன மோட்டார்சைக்கிள். 1958இல் வந்த ஹோண்டா சி100, பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்கு இறக்குமதி செய்யத் தொடங்கிய காலத்து வண்டி. அதிலும் பிறகு வந்த சி70இலும் முன்பக்கம் ஏறி இறங்கும் குழாயே கிடையாது. கவையின் நுனியில் ஒரு குட்டைக் கை முன்னோக்கி நீண்டிருக்கும், அதன் முனையில் அச்சு. அந்தக் கைதான் ஆடுகிறது. ஆடுகைக் கவை என்று எழுதிப் பார்த்தேன். கை ஆடுகிறதா, கவை ஆடுகிறதா என்று படிக்கிறவருக்குக் குழப்பம் வரும். இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

> மேல்குழாய், கீழ்க்குழாய் என்று எளிதாக வைத்துவிடலாமே?

பழைய வண்டிகளுக்கு மட்டும் என்றால் சரிதான். உள்ளே இருக்கும் பளபளக் குழாய் மேலே பிடிபட்டிருக்கும், வெளிக்குழாய் கீழே சக்கரத்தோடு ஏறி இறங்கும். தலைகீழ்க் கவை உள்ள புது வண்டியில் பளபளக் குழாய் கீழே போய்விடுகிறது. 'மேல்குழாயைத் தேய்த்துக் குரோம் ஏற்று' என்று படித்துப் பழகிய பையன் அங்கே தவறான குழாயைத்தான் கையில் எடுப்பான். அதனால் இடத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அசையாமல் பிடிபட்டிருப்பது நிலைக்குழாய், சக்கரத்தோடு நகர்வது நகர்குழாய். சறுக்குக்குழாய் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது பூங்காவில் பிள்ளைகள் விளையாடுவது.

இரண்டு நிலைக்குழாய்களையும் மேலேயும் கீழேயும் பிடிக்கும் பாகத்துக்கு நுகம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவில் ஏர்க்கால், இரண்டு பக்கமும் மாடு. இங்கே நடுவில் கழுத்துத் தண்டு, இரண்டு பக்கமும் குழாய். மேல்நுகம், கீழ்நுகம்.

சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க, கையேட்டுக்காக ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். வண்டி 1950களின் பிஎஸ்ஏ பி31.

"முன்சக்கரத்தைக் கழற்று. நகர்குழாயின் வடிதிருகைத் திறந்து பழைய எண்ணெயை வடியவிடு. மேல்நுகத்தின் மூடித்திருகையும் கீழ்நுகத்தின் இறுக்கு போல்ட்டையும் தளர்த்து. நிலைக்குழாயின் உச்சி கூம்பாகத் தேய்க்கப்பட்டு மேல்நுகத்துக்குள் இறுகியிருக்கும். மூடித்திருகை இரண்டு மூன்று சுற்று விட்டு அதன் தலையில் தட்டினால் கூம்பு விடுபடும். குழாயை வெளியே எடுத்ததும் சீல் உரசும் இடத்தில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழு. நகம் சிக்கினால் அங்கே துருக்குழி இருக்கிறது, புதுச் சீலையும் அது அறுத்துவிடும். குழாயைத் தேய்த்து, கடினக் குரோம் ஏற்றி, மறுபடி அளவுக்குத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் புதுக்குழாய். கோணலைப் பார்க்க வி-கட்டைகள் மேல் குழாயை உருட்டி டயல் கேஜ் வை. முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான கோணல்."

படித்தால் ஓடுகிறது என்று நினைக்கிறேன். நகம் வைத்துப் பார்க்கிற அந்த வரியை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம். இங்கே கடற்காற்று. பி31 மாதிரி வண்டிகளில் விளக்கைத் தாங்கும் தகரக் கூடு குழாயை மூடியிருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே நின்று குழாயைத் தின்பது வெளியே தெரியாது. ஆயில் சீலை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் பலர் குழாயைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. 'கவை மாற்றம்' வேறு, 'நிலைக்குழாய் மாற்றம்' வேறு என்று அத்தியாயத் தலைப்பிலேயே காட்டிவிட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டியில் யமஹா ஆர்எக்ஸ்இசட் முன்பக்கத்தை அப்படியே மாட்டுகிற பழக்கம் இங்கே உண்டு. கழுத்துத் தண்டின் நீளமும் பேரிங் அளவும் ஒத்துவராமல் கடைசல் வேலை இழுக்கும், வண்டி திரும்பும் குணமும் மாறிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் கையேடு அதையும் சொல்லத்தான் வேண்டும். குழாய்கள் நேராக இருந்து நுகம் மட்டும் முறுக்கிக்கொண்டது போலத் தெரிந்தால் எதையும் வாங்க வேண்டியதில்லை. மூடித்திருகுகளையும் இறுக்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, கவையை நேராக்கி, நாலைந்து தடவை அமுக்கிவிட்டு இறுக்கினால் பல நேரம் சரியாகிவிடும்.

ஆயில் சீல், குழாய்களுக்கு இடையே இருக்கும் உரசுவளையமான புஷ் ஆகிய இரண்டு பெயர்களையும் அப்படியே விட்டுவிடலாம். ஆயில் சீலுக்குக் கசிவுத்தடை வளையம் அழகான சொல்தான், ஆனால் பார்ட்ஸ் கடையில் தவ்கேயிடம் (முதலாளியிடம்) கேட்டு வாங்க வேண்டியது பையன். வேண்டுமானால் சொற்பட்டியலில் பக்கத்தில் போட்டு வைப்போம்.

ஈப்போ ஐயா படம் வரைந்து தருவதாகச் சொல்லியிருந்தார். படத்தில் முதலில் நுகம், நிலைக்குழாய், நகர்குழாய் மூன்றுக்கும் மட்டும் அம்புக்குறி போடுங்கள் ஐயா. கப்சாய்க் கவைக்குப் பெயர் கிடைத்தபின் அந்தப் படத்தைப் பார்ப்போம்.